யார் காதால் அளப்பது?

பாட்டுக் கேட்கிற ஒரு கருவியைப் பற்றி தலித் இதழில் எழுத என்ன இருக்கிறது என்று தோழர்கள் கேட்கலாம். இருக்கிறது. ஒரு பொருள் நல்லதா, மட்டமா என்று தீர்ப்புச் சொல்லும் உரிமை இதுவரை யாரிடம் இருந்திருக்கிறது? அதை முதலில் வாங்கக் காசு உள்ளவனிடம். கண்ணாடிப் பெட்டிக்குள்ள இருக்கிறதைக் காட்டி ‘இன்னா வெல?’ன்னு கேட்டாலே, கேட்டவனை மேலும் கீழும் பார்க்கிற கடைகளைத் தாண்டித்தான் நாம் வந்திருக்கிறோம். நம்ம கைக்கு ஒரு பொருள் வந்து சேரும்போது அது மலிஞ்சு, பேர் அழிஞ்சு, அடுத்தவன் சலிச்சுப் போட்டதா வரும். அப்படி வந்து சேர்ந்ததை நமது அளவுகோலால் அளந்து பார்ப்பதும் அரசியல்தான்.

நான் அளக்கப் போவது ஒரு எம்.பி.3 பிளேயரை. 2007இல், பி.ஏ. படிக்கும்போது, விடுமுறையில் அம்பத்தூர் தொழிற்பேட்டையில் பேக்கிங் வேலைக்குப் போய்ச் சேர்த்த காசில் வாங்கியது. ரிச்சி தெருவில் 850 ரூபாய். கட்டைவிரலை விடக் கொஞ்சம் பெருசு. சீனத்தில் செய்தது, முதுகில் கம்பெனிப் பேர் கிடையாது. 1 ஜி.பி. கொள்ளளவு. சுண்டுவிரல் பருமனில் ஒரே ஒரு பேட்டரி. ரெண்டு வரி எழுத்து ஓடுகிற நீலத் திரை. எஃப்.எம். ரேடியோ. கூடவே குண்டூசித் தலை அளவு ஓட்டைக்குப் பின்னால் ஒரு மைக். பக்கவாட்டில் குரலைப் பதிவு செய்ய ஒரு பொத்தான்.

அந்தப் பொத்தானைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

கையடக்கப் பாட்டுக் கருவிகளின் வரலாற்றைப் புரட்டினால் ஒரு விஷயம் கண்ணில் படுகிறது. 1979இல் சோனி கம்பெனி வெளியிட்ட முதல் வாக்மேன், அதே கம்பெனி பத்திரிகைக்காரர்களுக்காகச் செய்திருந்த ‘பிரஸ்மேன்’ என்ற சின்ன டேப் ரிக்கார்டரிலிருந்து பிறந்தது. பதிவு செய்யும் உறுப்பைக் கழற்றிவிட்டு, ஸ்டீரியோவில் கேட்கும் வசதியை உள்ளே வைத்தார்கள். பேசவும் கேட்கவும் தெரிந்த ஒன்று, கேட்க மட்டும் தெரிந்த ஒன்றாக ஆனது. உலகமே அதைக் காதில் மாட்டிக்கொண்டு நடந்தது.

பிறகு டிஜிட்டல் காலம் வந்தது. 1998இல் தென்கொரியாவின் சேஹான் கம்பெனி ‘எம்.பி.மேன்’ என்ற கருவியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதே ஆண்டு அமெரிக்காவில் டைமண்ட் மல்டிமீடியா கம்பெனியின் ‘ரியோ பி.எம்.பி.300’ வந்தது. விலை 200 டாலர். 32 எம்.பி. கொள்ளளவு, விநாடிக்கு 128 கிலோபிட் தரத்தில் போட்டால் அரை மணி நேரப் பாட்டோடு நிரம்பிவிடும். அதற்கே பயந்துபோய் அமெரிக்க இசைத்தட்டு முதலாளிகளின் சங்கம் வழக்குப் போட்டது. 1999இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்ன தீர்ப்பு என்ன தெரியுமா? சட்டம் சொல்கிற அர்த்தத்தில் ரியோ ஒரு பதிவுக் கருவியே அல்ல; கம்ப்யூட்டரில் ஏற்கெனவே இருப்பதை எடுத்துவந்து கேட்கவைக்கிறது, அவ்வளவுதான்; ஆகவே அதை விற்கலாம். பதிவு செய்யத் தெரியாது என்பதே அதற்குக் கிடைத்த நற்சான்று. 2001 அக்டோபரில் ஆப்பிள் கம்பெனியின் ஐபாட் வந்தது. 5 ஜி.பி., 399 டாலர், ஆயிரம் பாட்டு. அதிலும் மைக் கிடையாது.

பாடுவது ஒருத்தர், பதிவது ஒருத்தர், விற்பது ஒருத்தர், காசு கொடுத்துக் கேட்பது ஊர் உலகம். இந்தப் பிரிவினை நமக்குப் புதுசு இல்லை. ஒலி எழுப்புவது காலங்காலமாய் நம் தலையில் கட்டப்பட்ட வேலை. அவன் வீட்டுச் சாவுக்கு நம்ம பறை வேண்டும், நம்ம கை வேண்டும். ஆனால் அந்தக் கையில் காசைத் தூக்கித்தான் போடுவான். பறை ‘சாவுக் கொட்டு’ ஆனதும், அதே தாளம் சினிமாவுக்குப் போனால் ‘குத்து’ ஆகிக் கோடி சம்பாதிப்பதும் இந்த மண்ணில்தான் நடந்தது. அதனால் ஒரு பாட்டுக் கருவியில் எத்தனை பாட்டு அடங்கும் என்று பார்க்கும் முன், அதில் நம் குரலை நாமே ஏற்ற முடியுமா என்று நான் பார்க்கிறேன்.

கேசட் காலத்தில் அது முடிந்தது. டேப் ரிக்கார்டரில் சிவப்புப் புள்ளி போட்ட ஒரு கட்டை இருக்கும். அதையும் பக்கத்துக் கட்டையையும் சேர்த்து அமுக்கினால் எதிரில் இருப்பவர் குரல் உள்ளே போய்விடும். இன்குலாப் எழுதி கே.ஏ. குணசேகரன் பாடிய ‘மனுசங்கடா’ ரேடியோக்காரன் தயவில் சேரிக்கு வரவில்லை. மேடையில் கேட்டது, கேசட்டில் பிடித்தது, அதிலிருந்து இன்னொரு கேசட்டில் எடுத்தது என்று கைமாறிக் கைமாறி வந்தது. கானாவும் அப்படித்தான். சாவு வீட்டில் ராத்திரி முழுக்கப் பாடினதை எவனோ ஒருத்தன் பிடித்து வைத்திருப்பான். தேய்ந்து தேய்ந்து பாட்டு பாதி, இரைச்சல் பாதி. ஆனா நம்ம ஆள் நம்ம ஆளுக்காகப் பிடிச்சது.

என் பிளேயரை முதலில் சோதித்துப் பார்த்தது நான் இல்லை. பூந்தமல்லியில் அரசு நடத்தும் பார்வையற்றோர் பள்ளியில் படித்துவிட்டுக் கல்லூரிக்கு வந்த என் வகுப்புத் தோழன். பாடப் புத்தகத்தை யாராவது வாசித்துக் கேசட்டில் பதிந்து கொடுத்தால்தான் அவனுக்குப் பரீட்சை. கருவியை வாங்கி விரலால் சுற்றிச் சுற்றித் தடவினான். “திரையில இன்னா வேணா ஓடட்டும், எனக்கு அது வேணாம். பொத்தான் எத்தினி? அஞ்சா? ஒண்ணை மட்டும் மேடா வெச்சிக்கிறான் பாரு, நல்ல மனுசன்” என்றான். எந்தப் பொத்தானை எத்தனை தடவை அமுக்கினால் பதிவு தொடங்கும் என்று எண்ணி மனசில் போட்டுக்கொண்டான். அப்புறம் மைக்கைச் சோதித்தான். சட்டைப்பையில் வைத்தால் துணி உரசுகிற சத்தம். கையில் பிடித்தால் விரல் அசையும் சத்தம். மேசைமேல் வைத்தால் மின்விசிறியின் உறுமல். கடைசியில் மடித்த துண்டின் மேல், வாய்க்கு ஒரு சாண் தூரத்தில் வைக்கச் சொன்னான். “இங்க வெச்சா மனுசன் பேசறது மாரி கீது.” கடைக்காரன் சொல்லாத, அட்டைப் பெட்டியில் அச்சடிக்காத விவரம் இது. எம்.ஏ. முடிக்கும்வரை நாங்கள் மாறி மாறிப் பாடங்களை வாசித்து அதில் ஏற்றினோம். தொல்காப்பிய உரையும் கானாவும் ஒரே கோப்பில் பக்கத்துப் பக்கத்தில் கிடந்தன.

குறைகளையும் சொல்ல வேண்டும். அந்தத் திரைக்குத் தமிழ் தெரியாது. தமிழில் பேர் போட்ட பாட்டெல்லாம் கட்டம் கட்டமாய், கேள்விக்குறியாய் ஓடும். 2006இல் ‘சித்திரம் பேசுதடி’ படத்தில் கானா உலகநாதன் பாடிய மீன் கல்யாணப் பாட்டு ஊரெல்லாம் ஒலித்தது. சினிமாவுக்குள் போனதால் அவருடைய பேர் பதிவானது. ஆனால் கைமாறி வந்த மற்ற கானாக்களை ஓடவிட்டால் திரையில் வருவது ‘அன்நோன் ஆர்ட்டிஸ்ட்’. அடையாளம் தெரியாத கலைஞன். எங்களுக்கு அவனைத் தெரியும். எந்தத் தெரு, யார் மகன், எந்தச் சாவில் பாடினான் என்பது வரை தெரியும். யாரும் பேரை உள்ளே தட்டச்சு செய்யவில்லை என்பதால் எந்திரத்துக்குத் தெரியவில்லை. பேர் இல்லாத பாட்டை எவன் வேண்டுமானாலும் ‘நாட்டுப்புறப் பாடல்’ என்று போட்டுத் தன் பேரில் விற்கலாம். இது வெறும் எந்திரக் கோளாறு அல்ல.

இன்னொரு குறை, காதுக்கருவி. ஆவடியிலிருந்து சென்ட்ரல் போகிற மின்சார ரயிலில் மாணவர்கள் பெட்டியின் தகரத்தைத் தட்டிப் பாடிக்கொண்டு போவதைப் பார்த்திருப்பீர்கள். வெள்ளை வேட்டிக்காரர்களும் ஆபீஸ்காரர்களும் முகம் சுளிப்பார்கள். ‘ரவுடிப் பசங்க’ என்பார்கள். அதில் சண்டித்தனமும் இருந்தது, மறுக்கவில்லை. ஆனால் ஒருத்தன் எடுத்துக்கொடுக்க, இருபது பேர் வாங்கிப் பாட, பட்டரவாக்கத்தில் ஏறினவன் கொரட்டூர் வருவதற்குள் ஒரு வரி சேர்க்க, அப்படி வளர்வதுதான் கானா. அதைத் தனித்தனிக் காதில் சொருகிவிட்டால் பெட்டி அமைதியாகிவிடும். பாட்டு இருக்கும், கூட்டம் இருக்காது. நாலு பேர் கூடிக் கேட்டால்தான் அது நம்ம பாட்டு. முதல் வாக்மேனில்கூட ரெண்டு பேர் கேட்க ரெண்டு துளை வைத்திருந்தார்கள். என் பிளேயரில் ஒன்றுதான்.

ஆனால் சத்தமாக வைப்பது நமக்கு எப்போதும் விளையாட்டுக் காரியம் இல்லை. 2015 மே மாதம் மகாராஷ்டிரத்தின் ஷீரடியில் சாகர் ஷேஜ்வால் என்ற தலித் இளைஞர் அடித்துக் கொல்லப்பட்டார். நர்சிங் படித்துக்கொண்டிருந்தவர். அவருடைய செல்போன் மணி அம்பேத்கரைப் போற்றும் பாட்டாக இருந்ததுதான் தகராறின் தொடக்கம் என்று செய்திகள் வந்தன. சட்டைப்பையிலிருந்து வந்த சில விநாடி ஒலி! எத்தனை வாட்ஸ் ஸ்பீக்கர், எத்தனை டெசிபல் சத்தம் என்று கருவிகளை அளக்கிறவர்கள் எழுதுவார்கள். அந்த ஒலியை எந்தத் தெருவில் வைக்கலாம், எந்தத் தெருவில் வைத்தால் உயிர் போகும் என்ற அளவு எந்த அட்டவணையிலும் இல்லை. காதுக்கருவி நமக்குச் சில நேரம் வசதி, சில நேரம் பாதுகாப்பு, சில நேரம் வாய்ப்பூட்டு. மூன்றையும் சேர்த்தேதான் அதற்கு மதிப்பெண் போட வேண்டும்.

இனி ஒலியின் தரத்துக்கு வருவோம். எம்.பி.3 என்பது பாட்டைச் சுருக்குகிற முறை. ஜெர்மனியின் பிரான்ஹோபர் நிறுவனத்து ஆராய்ச்சியாளர்கள் அதை உருவாக்கியதில் முக்கியப் பங்கு வகித்தார்கள். பெரிய சத்தம் கேட்கும்போது பக்கத்தில் இருக்கிற சின்னச் சத்தம் மனிதக் காதுக்குக் கேட்காது. கேட்காததை எதற்கு வைத்திருக்க வேண்டும் என்று எடுத்துப் போட்டுவிடுகிறது. அப்படித்தான் பத்துப் பங்கு இடத்தை ஒரு பங்காகக் குறைக்கிறார்கள். நான் இதை முதலில் படித்தபோது சிரித்துவிட்டேன். பெரிய சத்தத்துக்குப் பக்கத்தில் இருக்கும் சின்னச் சத்தம் ‘இல்லை’ என்று கணக்கு எழுதுவதை நமக்கு யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை.

எதைக் கேட்டுக் கேட்டு இந்த முறையைச் சீர் செய்தார்கள் என்பதும் பதிவாகியிருக்கிறது. கார்ல்ஹைன்ஸ் பிராண்டன்பர்க் என்ற ஆராய்ச்சியாளர் சூசன் வேகா என்னும் அமெரிக்கப் பாடகி பக்கவாத்தியம் இல்லாமல் பாடிய ஒரு பாட்டைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டுத் திருத்தினார். காஸ்டனெட் என்ற ஸ்பானியக் கைத்தாளக் கட்டையின் ஒலியும் இந்தத் துறையில் பேர்போன சோதனை. ஏனென்றால் இந்த முறை ஒலியைச் சிறுசிறு துண்டாக வெட்டித்தான் சுருக்கும். ஒரு துண்டு 26 மில்லி விநாடி அளவு. துண்டின் நடுவில் திடீரென்று ஓர் அடி விழுந்தால், சுருக்குவதில் வருகிற பிசிறு துண்டு முழுக்கப் பரவி, அடி விழும் முன்பே ஒரு ‘ஸ்ஸ்’ கேட்கும். ‘முன் எதிரொலி’ என்கிறார்கள். துண்டை இன்னும் சிறிதாக்கி அதைக் குறைக்க வழியும் கண்டார்கள்.

பறையின் ஒலி அப்படித் திடீரென்று விழுகிற ஒலிதான். நெருப்பில் காட்டி விறைப்பேற்றிய தோலில் குச்சி விழும்போது எழுகிற கூர்மை அது. ஒரே பறையடியை 64, 128, 320 என்று மூன்று தரத்தில் சுருக்கி, தோழனை உட்காரவைத்துக் கேட்கச் சொன்னேன். எது எந்தத் தரம் என்று சொல்லவில்லை. 64இல் “தோல் ஈரமா கீது” என்றான். 128இல் “காய வெச்சிருக்கான், ஆனா நெருப்பு பத்தல” என்றான். 320இல் ஒன்றும் சொல்லாமல் தொடையில் தாளம் போட்டான். இதைவிடச் சரியான ஒலிச் சோதனை அறிக்கையை நான் வாசித்ததில்லை. எந்திரத்துக்குச் சாதி கிடையாது. ஆனால் அதை அளக்க உட்கார்ந்த காதுக்கு ஊர் உண்டு, பழக்கம் உண்டு. சோதனை மேசைக்கு நம்ம ஒலி போய்ச்சேரவில்லை என்றால், நம்ம காதால் நாமே சோதித்துக்கொள்ள வேண்டியதுதான்.

எனக்கு இந்தக் கருவி இன்றுவரை முக்கியமாக இருப்பதற்குக் காரணம் என் ஆயா. பக்கவாத்தியம் இல்லாமல் தனியே பாடும் பெண்குரல் நம்மிடமும் உண்டு. ஒப்பாரி என்று பேர். 2010இல் எம்.ஏ. ஆய்வேட்டுக்காக ஆயாவிடம் ஒப்பாரி பாடச் சொன்னேன். “இன்னாடா கண்ணு, சாவே வுழல, ஒப்பாரி வெக்கச் சொல்ற. வூட்டாண்ட பாடக் கூடாது, ஆவாது” என்று மறுத்துவிட்டது. ரெண்டு நாள் கழித்துத் தானே கூப்பிட்டது. அம்பத்தூர் ஏரிக்கரைக்கு நடந்து போனோம். துண்டை மடித்துக் கருவியை வைத்தேன். நாற்பது நிமிஷம் பாடியது. பிரசவத்தில் செத்துப்போன தங்கச்சியைப் பாடியது. 1960களில் தொழிற்பேட்டை வருவதற்கு முன்னால் அந்தப் பக்கத்தில் தான் நட்ட நடவைப் பாடியது. கூலி நெல்லைக் கை படாமல் உயரத்திலிருந்து முந்தானையில் கொட்டியதைப் பாடியது. சிதறினதைப் பொறுக்கக் குனிந்தபோது சிரித்தவர்களின் பேரை ஒவ்வொன்றாய்ச் சொல்லிப் பாடியது. பேட்டை பற்றி எத்தனையோ புள்ளிவிவரம் இருக்கிறது. அந்தப் பேர்கள் எந்தக் காகிதத்திலும் இல்லை.

முடித்ததும் காதுக்கருவியை மாட்டிவிட்டுப் போட்டுக் காட்டினேன். அறுபத்தெட்டு வயசில் முதல்முறையாகத் தன் குரலைக் கேட்டது. “இது நானா? எங்க அம்மா கொரலு மாரி கீதே” என்றது. கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, “இது எனக்கு மட்டும் கேட்டு இன்னா பிரயோசனம்? எல்லாருக்கும் கேக்கற மாரி வையி” என்றது. அதற்கு அந்தக் கருவியில் வழி இல்லை. 2011 மழைக்காலத்தில் ஆயா போய்ச்சேர்ந்தது.

கருவியில் போட்டுக் கேட்டுக் கேட்டு எழுதியெடுத்து வழிகாட்டியான பேராசிரியரிடம் கொடுத்தேன். “ஒலித்தரம் சரியில்லையே, இதை எப்படித் தரவாக எடுத்துக்கொள்வது? நல்ல கருவியில் மறுபடி பதிவு செய்து வாருங்கள்” என்றார். பாடின வாய் மண்ணுக்குள் போய்விட்டது என்றேன். பின்னிணைப்பில் போட்டுக்கொள்ள அனுமதி கிடைத்தது. ஒலித்தரத்தைப் பற்றி அவர் சொன்னது பொய்யில்லை. மலிவுக் கருவிகள் பேச்சை ‘ஆக்ட்’ என்ற வடிவத்தில் பதிந்தன. விநாடிக்கு 8 கிலோபிட். தொலைபேசியில் பேசுகிற மாதிரிதான் இருக்கும். சங்கீதத்துக்கு அது போதாது. ஆயா சொன்ன பேர்களைத் திருத்தமாகக் கேட்க அது போதும். தரம் என்பது எதற்கான தரம் என்று கேட்காமல் மதிப்பெண் போடக் கூடாது.

உண்மையான ஆபத்து வேறு இடத்தில் இருந்தது. பிளேயர் ஒருநாள் திரை அணைந்து நின்றுபோனது. கோப்புகளை முன்பே கம்ப்யூட்டரில் ஏற்றியிருந்தேன், ஆனால் எந்த மென்பொருளும் அந்த ‘ஆக்ட்’ கோப்பைத் திறக்கவில்லை. கூடக் கொடுத்த சின்னக் குறுந்தகட்டில் இருந்த மாற்றும் மென்பொருள் புதிய கம்ப்யூட்டரில் ஓடவில்லை. ஆயாவின் குரல் என் கையில் இருந்தது, ஆனால் பூட்டிக் கிடந்தது. 2019இல் ஆவடியில் எங்கள் மாலைப் பள்ளிக்கு வரும் கம்ப்யூட்டர் படிக்கிற தம்பி ஒருத்தன் ‘எஃப்எஃப்எம்பெக்’ என்ற இலவச மென்பொருளை வைத்துப் பத்து நிமிஷத்தில் திறந்துவிட்டான். யார் யாரோ சம்பளம் வாங்காமல் எழுதி, யாரும் எடுத்துக்கொள்ளலாம் என்று பொதுவில் போட்ட மென்பொருள் அது. அந்த ஆண்டு ஏப்ரல் 14 அன்று, அண்ணல் பிறந்தநாளுக்குக் கட்டிய பெட்டி ஸ்பீக்கரில் பாட்டெல்லாம் முடிந்த பிறகு ஆயாவைப் போட்டோம். நாற்காலியை மடக்கிக்கொண்டிருந்தவர்கள் மறுபடி விரித்து உட்கார்ந்தார்கள். வயசான ரெண்டு பேர் கூடவே முணுமுணுத்தார்கள். ஆயா விட்டுப்போன பேர் ஒன்றையும் சேர்த்துச் சொன்னார்கள். அதையும் பதிந்துகொண்டோம்.

2022இல் ஆப்பிள் கம்பெனி ஐபாடை நிறுத்திவிட்டது. பிளேயர்களின் காலம் முடிந்தது. இன்று பதிவுப் பொத்தான் எல்லோர் செல்போனிலும் இருக்கிறது. 2018 ஜனவரியில் ‘காஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ மேடையேறியது, அதில் பாடிய இசைவாணி 2020இல் பி.பி.சி.யின் நூறு பெண்கள் பட்டியலில் இடம்பெற்றார். கானா பாடுகிற பெண்ணுக்கு இனி ‘அன்நோன்’ என்று பேர் போட முடியாது. மேடைக்கு வராத குரல்கள்தான் இன்னும் பாக்கி.

அதனால் மாணவத் தோழர்களுக்கு என் மதிப்பீட்டின் முடிவை வேலையாகவே சொல்கிறேன். பாடுகிறவரிடம் கேட்டுவிட்டுப் பதியுங்கள். பேர், ஊர், தேதி மூன்றையும் அவர் குரலிலேயே முதலில் சொல்லவையுங்கள். எந்தக் கம்பெனியும் பூட்டாத வடிவத்தில், ‘வேவ்’ அல்லது ‘ஃபிளாக்’ ஆகச் சேமியுங்கள். மூன்று இடத்தில் பிரதி வையுங்கள், ஒன்று பாடினவர் வீட்டில் இருக்கட்டும். பதிந்ததை அவர் தெருவிலேயே சத்தமாகப் போட்டுக் காட்டுங்கள். விட்டுப்போனதை அங்கே இருப்பவர்கள் சொல்வார்கள்.

இந்த அளவுகோலில் பேர் இல்லாத என் 850 ரூபாய்க் கருவிக்கு நூற்றுக்கு அறுபது போடுவேன். ஆயிரம் பாட்டு கொள்கிற ஐபாடுக்கு அதைவிடக் குறைவுதான்.